உயர்தரக் கணித ஆசிரியரை எங்கிருந்து பெறுவது? மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் முன்னுள்ள வழிகள்

இலங்கையில் ஆசிரியர் தட்டுப்பாடு உண்டா என்று கேட்டால், மொத்தக் கணக்கு இல்லையென்றே சொல்லும். அரசாங்கப் பாடசாலைகள் 10,000ஐச் சற்றுத் தாண்டுகின்றன. மாணவர் தொகை 40 இலட்சத்தை அண்டியது. ஆசிரியர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாராளமாகத் தாண்டுகிறது. பங்கிட்டுப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்குப் பதினேழு, பதினெட்டு மாணவர் என்ற அளவே வரும். வருமானத்தில் நம்மை ஒத்த பல நாடுகள் பொறாமைப்படக்கூடிய விகிதம் இது. ஆயினும் டயகமவிலோ பொகவந்தலாவையிலோ சாதாரண தரத்தில் கணிதத்தில் உயர் சித்தி பெற்ற ஒரு தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்க விரும்பினால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் கலைப்பிரிவாகவோ, ஹட்டனில் வார இறுதித் தனியார் வகுப்பாகவோதான் இருக்கிறது.

இதை எப்படித் தீர்ப்பது என்பதற்கு யோசனைகளுக்குக் குறைவில்லை. உள்ளூர் இளைஞரை ஆசிரியர் உதவியாளராகச் சேர்ப்பது, வடக்கு கிழக்கிலிருந்து பட்டதாரிகளைக் கொண்டுவருவது, இந்தியாவிலிருந்து ஆசிரியரை வரவழைப்பது, சில பாடசாலைகளில் மட்டும் விஞ்ஞானப் பிரிவைக் குவிப்பது, மலையகத்திலேயே விஞ்ஞானப் பட்டதாரிகளை உருவாக்குவது என ஐந்து வழிகள் மாறிமாறிப் பேசப்பட்டு வருகின்றன. சில நடைமுறைக்கு வந்து பாதியில் நின்றன. சில அறிவிப்போடு முடிந்தன. எந்த வழியையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம் என்று கருதுகிறேன். வருபவருக்கு அந்தப் பாடம் தெரியுமா? வந்தவர் நிலைத்திருப்பாரா? அவர் போன பின் அடுத்தவர் எங்கிருந்து வருவார்? மூன்றாவது கேள்வியை எந்தக் கொள்கை ஆவணமும் கேட்பதாகத் தெரியவில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை தீர்ப்பதும் கெடுப்பதும் அதுவே.

ஒப்பிடுவதற்கு முன் இந்தத் தட்டுப்பாட்டின் வேரைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வழிகளும் ஒரே தரையில் நிற்பவைபோலத் தோன்றிவிடும். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டையே மாற்றியபோது, தோட்டப் பாடசாலைகள் அந்த மாற்றத்தின் ஓரத்திலேயே நின்றன. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை வெளியே விடப்பட்டன. காணிச் சீர்திருத்தத்தின் வழியே 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே அந்தப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஆகவே, நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குக் கிடைத்த முழுமையான அரச கல்வி இங்கே ஒரு தலைமுறை பிந்தித் தொடங்கியது.

இதோடு பிரஜாவுரிமைப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட சமூகம், பிரஜாவுரிமை தேவைப்படும் அரச நியமனம் எதற்கும் தகுதியற்றதாக இருந்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே ஆசிரியரைத் தர முடியாதபடி சட்டமே தடுத்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்களே நகரப் பாடசாலைகளைத் தாங்கினார்கள். 1983 வன்செயலுக்குப் பின் அவர்களில் பலர் திரும்பிச் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற இடங்களை நிரப்பும் அளவுக்கு விஞ்ஞானம் படித்த மலையகத்தவர் அன்று இருக்கவில்லை. உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லாததால் விஞ்ஞானப் பட்டதாரி இல்லை; விஞ்ஞானப் பட்டதாரி இல்லாததால் விஞ்ஞான வகுப்பு இல்லை. இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்பதே இங்கே எடுக்கப்பட வேண்டிய முடிவு.

ஆசிரியர் உதவியாளர்கள்

ஐந்து வழிகளில் பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது இதுவே என்பதால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல முடியும். 2014இல் வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, அடுத்த ஆண்டிலிருந்து பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்தை அண்டிய ஆசிரியர் உதவியாளர்கள் நியமிக்கப்பட்டனர். உயர்தரத்தில் சித்தி பெற்ற தோட்டப்புற இளைஞர் யுவதிகளைச் சேர்த்து, பணியில் இருந்தவாறே பயிற்சி அளித்து, பின்னர் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குவது திட்டம். பயிற்சிக் காலத்தில் அவர்களுக்கு மாதக் கொடுப்பனவாக 6,000 ரூபா வழங்கப்பட்டது. போராட்டங்களுக்குப் பின் அது 10,000 ரூபாவாக உயர்ந்தது.

இந்த 6,000 ரூபாவை அதே காலத்துத் தோட்டச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, வருகைக் கொடுப்பனவு முதலியவற்றைச் சேர்த்து ஒரு நாள் சம்பளம் 620 ரூபா. பத்து நாள் கொழுந்து பறித்தால் கிடைக்கும் தொகையை, உயர்தரம் படித்து வகுப்பறையில் நிற்கும் மகளுக்கு அரசு ஒரு மாதத்துக்குக் கொடுத்தது. பேருந்துக் கட்டணத்தையும், பாடசாலைக்கு அணிந்து செல்ல வேண்டிய சேலையையும் கணக்கில் எடுத்தால், தாய் தோட்டத்தில் உழைத்து மகளின் அரச உத்தியோகத்துக்குப் பணம் கட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிக்கனம் என்று கருதி எடுக்கப்பட்ட இந்த முடிவு, ஆசிரியத் தொழிலுக்கு வரக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளைகளை வங்கிக்கும் கொழும்புக் கடைகளுக்கும் அனுப்பிவைத்தது.

அப்படியிருந்தும் இந்தத் திட்டம் முற்றாகத் தோற்றதென்று நான் சொல்ல மாட்டேன். சேர்ந்தவர்கள் நிலைத்திருந்தார்கள். பாடசாலைக்கு மேலேயுள்ள லயத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ வாழ்பவருக்கு இடமாற்றம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டாலும் அவர் நடந்து வந்துவிடுவார். பிள்ளை ஏன் மூன்று நாள் வரவில்லை என்பதை விசாரிக்காமலே அறிந்துகொள்வார். ஆரம்பப் பிரிவில் இதன் பெறுமதி மிகப் பெரியது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்களில் பயிற்சி முடித்து, இன்று நல்ல ஆரம்பக் கல்வி ஆசிரியர்களாக இருப்போர் அவர்களுள் உண்டு.

முதற் கேள்விக்குத்தான் இந்த வழியிடம் பதில் இல்லை. உயர்தரக் கலைப்பிரிவு மட்டுமே பரவலாக உள்ள ஒரு பிரதேசத்தில் உயர்தரச் சித்தியைத் தகுதியாக வைத்து ஆட்சேர்ப்புச் செய்தால், வருபவர்கள் பெரும்பாலும் கலைப்பிரிவினராகவே இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் எட்டாம் தரக் கணிதத்தை ஒப்படைப்பது அவருக்கும் அநீதி, பிள்ளைக்கும் அநீதி. மூவாயிரம் என்ற எண்ணிக்கை ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பியதாக ஏட்டில் காட்டியது. பௌதிகவியல் வெற்றிடம் பௌதிகவியல் வெற்றிடமாகவே நீடித்தது.

குறைந்த சம்பளத்தில் ஒப்பந்த ஆசிரியரைச் சேர்க்கும் முறை நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பல மாநிலங்களிலும் ஆபிரிக்க நாடுகளிலும் பரவலாகச் செய்யப்பட்டது. கென்யாவில் நடந்த ஆய்வொன்று இங்கே நினைவுகூரத் தக்கது. தொண்டு நிறுவனம் ஒன்று ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்து மேற்பார்வை செய்த பாடசாலைகளில் மாணவரின் தேர்ச்சி உயர்ந்தது. அதே திட்டத்தை அரசாங்கம் தன் வழக்கமான நிர்வாகத்தின் ஊடாக நடத்திய பாடசாலைகளில் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. அமைச்சுகள் பிற நாட்டு வெற்றிக் கதையின் முற்பாதியைப் படித்துவிட்டுத் திட்டத்தைக் கடன் வாங்குவதுண்டு. சம்பளம் சரியான நாளில் வந்ததா, ஆசிரியரை யாராவது வந்து பார்த்தார்களா என்ற பிற்பாதியே விளைவைத் தீர்மானித்தது.

வடக்கு கிழக்குப் பட்டதாரிகள்

பாட அறிவு என்ற அளவுகோலில் இந்த வழி முன்னிற்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களும் தமிழ் பேசும் விஞ்ஞானப் பட்டதாரிகளை ஆண்டுதோறும் உருவாக்குகின்றன. அவர்களில் வேலைக்குக் காத்திருப்போரும் உண்டு. மலையகத்தில் வெற்றிடம், வடக்கில் காத்திருப்பு. இரண்டையும் இணைத்தால் போதுமே என்று காகிதத்தில் எழுதுவது எளிது.

நிலைத்திருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கிளிநொச்சியில் பிறந்த ஓர் இளம்பெண் தலவாக்கலைக்கு அப்பாலுள்ள பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்தால், அவர் தங்குவதற்கு ஆசிரியர் விடுதி பெரும்பாலும் இராது. நகரில் வாடகை அறை எடுத்து, காலையில் கிடைக்கும் பேருந்திலும் எஞ்சிய தூரத்துக்கு முச்சக்கர வண்டியிலும் போக வேண்டும். சம்பளத்தின் கணிசமான பகுதி அதிலேயே கரையும். ஊரில் திருமணம் பேசுவார்கள்; பெற்றோர் நோயுறுவார்கள்; அவர் இடமாற்றம் கேட்பார். கேட்பது அவருடைய உரிமை. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் நியமனத்தைப் பெற்றுக்கொண்டு ஓடிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டு மலையகத்தில் அடிக்கடி கேட்கும் ஒன்று. ஆனால் அவரை இருக்கவைக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் கையில் ஒன்றும் இல்லை.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. காம்பியா என்ற சிறிய மேற்கு ஆபிரிக்க நாடு, 2006 முதல், பிரதான வீதியிலிருந்து தொலைவில் உள்ள பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் 30 முதல் 40 சதவீதம் வரை கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு வழங்கத் தொடங்கியது. தகுதி பெற்ற ஆசிரியர்கள் தாமாகவே அந்தப் பாடசாலைகளைக் கேட்டு விண்ணப்பிக்கும் நிலை அங்கே உருவானது. நம் நாட்டிலும் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தல் நெடுங்காலமாக உண்டு. அந்த வகைப்படுத்தல் இடமாற்றப் புள்ளிக் கணக்கில் பயன்படும் அளவுக்கு ஆசிரியரின் பையில் பயன்படுவதில்லை.

நிர்வாகத் தடை ஒன்றும் உண்டு. மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின், மத்திய அரசின் கீழுள்ள தேசிய பாடசாலைகள் தவிர்ந்த ஏனையவை மாகாணத்துக்கு உரியவை. ஆசிரியரும் மாகாண சேவைக்கு உரியவர். மாகாணம் விட்டு மாகாணம் போக இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். இந்த நடைமுறையில் ஒருவரை ஐந்து ஆண்டுக்கு அழைத்து, ஐந்தாம் ஆண்டு முடிவில் சொன்னபடி விடுவிப்பதற்கு உறுதியான ஏற்பாடு கிடையாது. எப்போது விடுவார்கள் என்று தெரியாததால்தான் பலர் வந்த நாளிலிருந்தே விடுபட முயல்கிறார்கள். காலத்தை எழுத்தில் உறுதிசெய்து, விடுதியும் கொடுப்பனவும் தந்து, முடிந்ததும் சொந்த மாகாணத்தில் இடமும் உறுதிசெய்தால் ஐந்து ஆண்டுகள் முழுமையாகக் கிடைக்கும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமாகாது. மூன்றாவது கேள்விக்கு இந்த வழி தரும் பதில், அடுத்தவரும் வடக்கிலிருந்தே வர வேண்டும் என்பதுதான்.

இந்தியாவிலிருந்து

2017ஐ அண்டிய காலத்தில் இந்தியாவிலிருந்து நூறு விஞ்ஞான, கணித ஆசிரியரைக் கொண்டுவரும் யோசனை கல்வி இராஜாங்க அமைச்சு மட்டத்தில் முன்வைக்கப்பட்டது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. வேலையற்ற பட்டதாரிகளும் எதிர்த்தனர். எதிர்ப்பின் காரணங்கள் சிலவற்றில் தொழிற்சங்கச் சுயநலம் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த எதிர்ப்பு முழுவதும் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவின் பாடத்திட்டம் வேறு, வினாத்தாளின் அமைப்பு வேறு, கலைச்சொற்களும் பெருமளவு வேறு. வருபவர் நம் உயர்தரப் பரீட்சைக்கு மாணவரைத் தயார்செய்யப் பழகும்போது அவருடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும். அத்துடன், நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தியர் என்று சொல்லிச் சொல்லியே ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வகுப்பறைக்கு இந்தியாவிலிருந்தே ஆசிரியரை அழைப்பது, இலங்கை அரசு தன் பிரஜைகளின் பிள்ளைகளுக்குரிய கடமையை அயல்நாட்டிடம் ஒப்படைப்பதுபோலத் தோன்றும் என்ற மனத்தாங்கலும் பலரிடம் இருந்தது.

இந்திய உதவியைப் பயன்படுத்த இதைவிடப் பொருத்தமான வழிகள் உள்ளன. பெருந்தோட்டப் பாடசாலைகள் சிலவற்றின் கட்டட மேம்பாட்டுக்கு இந்தியா நன்கொடை வழங்கி வருகிறது. இந்தியப் பயிற்றுநர்கள் வந்து மலையக ஆசிரியருக்கு விஞ்ஞான, கணிதப் பயிற்சி அளித்த நிகழ்ச்சிகளும் அண்மையில் நடந்துள்ளன. வகுப்பில் நிற்பவரை மாற்றாமல் அவருடைய திறனை உயர்த்துவதால் இந்த ஏற்பாட்டில் எவருடைய வெற்றிடமும் பறிபோவதில்லை.

குவித்தல்

அடுத்த வழி கணக்கு ரீதியில் மறுக்க முடியாதது. நான்கு பாடசாலைகளில் தலா ஆறு பேர் இணைந்த கணிதம் படிக்க விரும்பினால் நான்கு ஆசிரியர் வேண்டும். இருபத்து நால்வரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒருவர் போதும். ஆய்வுகூடமும் ஒன்று போதும். எல்லா நடுத்தரப் பாடசாலைகளையும் 1ஏபி தரத்துக்கு, அதாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பாடசாலைத் தரத்துக்கு, உயர்த்தித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி கொடுக்கிறார்கள். ஆசிரியர் இல்லாமல் தரம் உயர்த்தப்பட்ட பாடசாலை, பெயர்ப்பலகையில் மட்டுமே உயர்கிறது. வலயத்துக்கு இரண்டு மூன்று பாடசாலைகளை விஞ்ஞான மையங்களாகத் தெரிந்து, அவற்றின் நான்கு பாடங்களுக்கும் ஆளணியை முழுமையாக்குவதே இருக்கும் ஆசிரியரைக் கொண்டு உடனடியாகச் செய்யக்கூடியது.

விடுதி இல்லாத குவித்தல், நகரத்துப் பிள்ளைகளுக்கான குவித்தலாகவே முடியும். அக்கரப்பத்தனைக்கு அப்பாலிருந்து அன்றாடம் ஹட்டனுக்கு வந்து போக முடியாது. பெண்பிள்ளைகளை விடுதியில் விடப் பெற்றோர் தயங்குவது இயல்பு. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் மூத்த மகள்தான் அடுப்பையும் தம்பி தங்கைகளையும் பார்க்கிறாள். ஆகவே விடுதிச் செலவு, பெண் விடுதிப் பொறுப்பாளர், மாதாந்தப் பயணச் செலவு ஆகிய மூன்றும் திட்டத்தின் அடிப்படைச் செலவாகவே எழுதப்பட வேண்டும். பின்னர் பார்த்துக்கொள்வோம் என்ற தலைப்பின் கீழ் வந்தால் அவை வரவே வரா.

திரையின் வழியே கற்பித்தலையும் இந்த இடத்திலேயே சொல்லி முடித்துவிடலாம். கொவிட் காலத்தில் குருகுலம் தொலைக்காட்சி ஒளிபரப்பும் இணைய வகுப்புகளும் நடந்தபோது, சமிக்ஞை தேடி மலையேறிய பிள்ளைகளின் படங்களை நாடே பார்த்தது. திறன் வகுப்பறை, பாடம் தெரிந்த ஆசிரியருக்கு நல்ல துணை. பாடம் தெரியாத ஆசிரியருக்குப் பதிலாக அதை வைத்தால், மாணவனின் பிழையைப் பார்த்துத் திருத்த ஆளில்லை. இரசாயனவியல் செய்முறையைத் திரையில் செய்ய முடியாது. மையப் பாடசாலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பாடத்தை இணைக்க அது உதவும். அவ்வளவே.

இங்கேயே உருவாக்குதல்

ஐந்தாவது வழிக்கு ஒரு முன்மாதிரி உண்டு. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, ஜேர்மன் உதவியோடு, மலையகத்தின் ஆசிரியர் தேவையை மனத்தில் வைத்து 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. அதற்கு முன்பிருந்தே சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பாடசாலைகளின் அபிவிருத்திக்கு நிதி வழங்கிவந்தது. வளரும் நாடொன்றில் பின்தங்கிய பிரதேசத்தின் கல்விக் கொள்கை பெரும்பாலும் உதவி வழங்கும் நாட்டின் திட்டக் காலத்தை ஒட்டியே நடக்கிறது என்பதற்கு இவை இரண்டும் சான்று. திட்டம் முடிந்ததும் கட்டடம் நின்றது. கட்டடம் யாருக்கு என்ற வாதமும் தொடங்கியது. அந்தக் கல்லூரியின் அனுமதியில் பெருந்தோட்ட மாணவருக்கு எவ்வளவு இடம் என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது.

கல்வியியற் கல்லூரி இரண்டாண்டு வதிவிடப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் கொண்டது. அங்கிருந்து வரும் விஞ்ஞான, கணித டிப்ளோமாதாரிகள் ஆறாம் தரம் முதல் சாதாரண தரம் வரை கற்பிக்கப் பயிற்றப்பட்டவர்கள். அவர்கள் இன்றியமையாதவர்கள், சாதாரண தரக் கணிதத்தில் சித்தி இல்லையென்றால் உயர்தரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் உயர்தர வகுப்புக்குப் பட்டதாரி வேண்டும். அந்தப் பட்டதாரியை எங்கிருந்து எடுப்பது?

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடு தழுவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. எனினும் மாவட்டக் கோட்டா மாவட்டத்தைத்தான் பார்க்கும். தோட்டத்துப் பிள்ளை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு அதே வரிசையில் நிற்க வேண்டும். இதனால் விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தி பெற்று, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி சற்றுக் குறைந்ததால் அனுமதி இழக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் எஞ்சுகிறார்கள். உதவியாளர் திட்டம் தேட வேண்டியிருந்த ஆட்கள் இவர்களே. இவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்துக்கோ தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணிப் பட்டத்துக்கோ கட்டணமும் வாழ்க்கைப்படியும் கொடுத்து, பட்டம் பெற்றதும் குறிப்பிட்ட வலயத்தில் குறிப்பிட்ட பாடத்துக்கு எட்டு ஆண்டு சேவை செய்யும் உடன்படிக்கையோடு நியமிக்கலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் இந்த வழியின் தன்மை புரியும். உதாரணத்துக்கு, மலையகம் முழுவதும் நாற்பது மையப் பாடசாலைகள் என்று வைத்துக்கொள்வோம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்ற நான்கு பாடங்களுக்கும் தலா ஒருவர் என்றால் நூற்றறுபது பேர். ஓய்வு பெறுவோரையும் விலகுவோரையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் முந்நூற்றிருபது. உதவியாளர் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களின் ஒன்பதில் ஒரு பங்குதான் இது. பத்து ஆண்டில், ஆண்டுக்கு முப்பத்திரண்டு பேர்.

இந்தச் சிறிய எண்ணே இந்த வழியின் அரசியல் பலவீனம். மூவாயிரம் நியமனம் என்றால் மேடை போடலாம். நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கலாம். மூவாயிரம் வீடுகளில் நன்றி இருக்கும். முப்பத்திரண்டு பேரின் பயனோ, அவர்கள் பட்டம் பெற்று, அவர்களிடம் படித்த பிள்ளைகள் உயர்தரம் எழுதும்போது, அதாவது தொடங்கிவைத்த அமைச்சர் பதவியில் இல்லாத ஒரு காலத்தில்தான் தெரியவரும். 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கு அரச நியமனம் என்ற திட்டம் வந்தபோதும் இதே தர்க்கம்தான் வேலை செய்தது. எந்தப் பாடத்துக்கு யார் வேண்டும் என்ற கேள்வி, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்ற எண்ணிக்கைக்குள் மறைந்துபோனது. ஆசிரியர் நியமனம் வேலைவாய்ப்புக் கொள்கையாக நடத்தப்படும் நாடுகளில், பாடவாரியான வெற்றிடம் கடைசிவரை நிரம்பாது.

உடன்படிக்கையை மீறிப் போய்விடுவார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது. 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசே வழி திறந்தது, ஆசிரியர்களும் சென்றனர். பிணை வைத்துப் பிடித்து நிறுத்துவதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. நியமனத்தை மாகாணத்துக்கு வழங்காமல் வலயத்துக்கே வழங்குவதும், எட்டு ஆண்டுக்குள் இடமாற்றம் கோர இடமில்லாதபடி நியமனக் கடிதத்திலேயே எழுதுவதும், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கான செலவை நான்காம் ஆண்டில் வழங்குவதும் ஓரளவு பலன் தரும். சிலர் போவார்கள். சொந்த ஊரில் சேவை செய்பவர் போகும் வீதம், கிளிநொச்சியிலிருந்து வந்தவர் போகும் வீதத்தை விடக் குறைவாகவே இருக்கும்.

என் தெரிவு

ஒன்றை மட்டும் தெரிவுசெய்ய வேண்டுமென்றால் ஐந்தாவதையே தெரிவுசெய்வேன். மூன்று கேள்விகளுக்கும் பதில் தருவது அது ஒன்றே. அடுத்த ஆசிரியர், இன்றைய ஆசிரியரின் வகுப்பிலிருந்தே வருவார். ஆனால் அது பலன் தர ஏழெட்டு ஆண்டு பிடிக்கும், அதுவரை இன்றைய பன்னிரண்டாம் தரப் பிள்ளை காத்திருக்க முடியாது. ஆகவே மையப் பாடசாலைகளை விடுதியோடு உடனே தொடங்கி, அவற்றின் ஆளணியை வடக்கு கிழக்குப் பட்டதாரிகளைக் கொண்டு, ஐந்தாண்டு உறுதிமொழியோடும் உரிய கொடுப்பனவோடும் நிரப்ப வேண்டும். உள்ளூர்ப் பட்டதாரிகள் வரவர இந்த ஒழுங்கு தானாகச் சுருங்கும். உதவியாளர் ஆட்சேர்ப்பு மீண்டும் நடப்பதானால் ஆரம்பப் பிரிவுக்கு மட்டும், ஆசிரியர் சேவையின் முறையான சம்பளத்தோடு நடக்கட்டும்.

இதை யார் முடிவுசெய்வது என்பதும் எளிய கேள்வியன்று. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது; ஊவாவினது 2019இல் முடிந்தது; சப்ரகமுவவினது அதற்கும் முன்னரே முடிந்திருந்தது. தேர்தல் நடக்காமல் ஆளுநரின் கீழ் கழிந்த இந்த ஆண்டுகளில், பாடசாலை அதிபரின் முறைப்பாட்டைக் கேட்டு மாகாண சபையில் எழுந்து பேசுவதற்கு உறுப்பினர் எவரும் இல்லை. கொழும்பு தீர்மானிக்கும்போது மொத்தத் தொகையில்தான் தீர்மானிக்கும். அதனிடம் இருப்பது அந்தக் கணக்கே.

எனவே முதலில் கேட்க வேண்டியது சட்டத்திருத்தமோ புதிய நிதியோ அன்று. ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையும் பாடவாரியான, பாடசாலைவாரியான வெற்றிடப் பட்டியலை, வரும் பத்து ஆண்டுகளில் ஓய்வு பெறுவோரையும் சேர்த்து, பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஓய்வு வயது 60 என்று நிர்ணயிக்கப்பட்டுவிட்டதால், எந்தப் பாடசாலையில் எந்தப் பாட ஆசிரியர் எந்த மாதம் போவார் என்பது இன்றே தெரிந்த விடயம். அந்தப் பட்டியல் வெளியானால் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் உள்ள சிங்களக் கிராமப் பாடசாலைகளின் பௌதிகவியல், கணித வெற்றிடங்களும் அதில் இருக்கும். அப்போது உள்ளூர்ப் பட்டதாரித் திட்டத்தை ஓர் இனத்துக்கான சலுகையாகக் கேட்காமல், மாவட்டத்தின் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் அனைத்துக்குமானதாக, மொழிவாரி வெற்றிடத்துக்கு ஏற்ப இடங்களைப் பிரித்துக் கேட்கலாம். ஸ்ரீபாத கல்லூரியின் இடங்களுக்காக நடந்த இழுபறிக்குப் பின், அந்த வடிவத்தில் கேட்பதற்கே நாடாளுமன்றத்தில் இரு பக்கத்திலிருந்தும் வாக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.